எங்கள் தோட்டம் கடலுக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

“யாரு உன்ன அளக்கச் சொன்னது? சொல்லுடி!”

அஞ்சலை அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தபோது நான் தோட்டத்து விளையாட்டுத் திடலான பாடாங்கின் நடுவில், புல்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் அம்மாவின் கேக் தட்டு. தட்டு நிறைய லாரி இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். அந்த எண்ணெய்க்குள் ஒரு சூரியன். என் கண்ணோடு ஒட்டியிருந்த செக்ஸ்டன்ட் கருவியின் கண்ணாடியில் இன்னொரு சூரியன். இரண்டும் விளிம்போடு விளிம்பு தொட ஒரு மயிரிழைதான் பாக்கி.

நான் திரும்பவில்லை. திரும்பினால் சூரியன் கையை விட்டுப் போய்விடும்.

“ஒரு நிமிஷம்க்கா.”

“கம்பெனிக்காரனுக்கு நெலத்த அளந்து குடுக்க ஒனக்கு ஒரு நிமிஷம் வேணுமா?”

தொட்டது! கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை விநாடியோடு வாய்விட்டுச் சொல்லி, தாளில் எழுதிவிட்டு எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அக்கா தனியாக வரவில்லை. பின்னால் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் பாதிப் பேர் நின்றார்கள். இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள்கள் இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தன. யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

முளைக்குச்சிகள்

ரந்தாவிலிருந்து லுக்குட் போகும் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் தோட்டம். தோட்டம் என்றுதான் பெயர். லயத்தில் இருப்பவர்களில் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றவர்களை விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

இது நடந்த பங்குனி மாதத்துக்குச் சற்று முன்னால் நிலம் கைமாறிவிட்டதாகப் பேச்சு வந்தது. பேச்சு வந்த சூட்டோடு இரண்டு ஆட்கள் முக்காலியும் கருவியுமாக வந்தார்கள். எதையோ பார்த்தார்கள், எழுதினார்கள், சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை அங்கங்கே அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு குச்சி அஞ்சலை அக்காவின் வாழை மரத்தடியில் இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அஞ்சலை அக்கா சிரம்பானில் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர். தோட்டத்துக் குடியிருப்பாளர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. வீடு போனால் எங்கே போவது என்று ஒவ்வொரு குடும்பமும் தூக்கமில்லாமல் புரண்ட நேரம் அது. அந்த நேரத்தில்தான் நான் பித்தளையும் கண்ணாடியுமாக ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு பாடாங்கில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

எனக்குத்தான் அது அன்றைக்கு உறைக்கவே இல்லை. என் தலைக்குள் சூரியன் மட்டும்தான் இருந்தது.

கடல் இருந்தும் கடல் இல்லை

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் அதிகாரி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அம்மாவின் கால் முறிந்ததால் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தேன். அடுத்த பதவிக்கான வாய்மொழித் தேர்வும் அந்த விடுப்பிலேயே வந்து நின்றது.

அந்தத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தேன். செக்ஸ்டன்டைக் கையில் கொடுத்து, அளந்த கோணத்தில் எதைக் கூட்டுவாய், எதைக் கழிப்பாய் என்று கேட்டார்கள். கடகடவென்று ஒப்பித்தேன். “ஏன் கழிக்கிறாய்?” என்றார் தேர்வாளர். கழிக்க வேண்டும் என்று தெரியும். ஏன் என்று யோசித்ததே இல்லை.

ஆகவே இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் கடல் வேண்டும். சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் உள்ள கோணத்தைத்தானே செக்ஸ்டன்ட் அளக்கும்?

போர்ட்டிக்சன் பக்கத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் கடல் மேற்குப் பார்த்த கடல். காலையில் சூரியன் தரைப்பக்கம் நிற்கும், அதன் கீழே ஹோட்டலும் மரமும்தான் தெரியும். மாலையில் போனால் தொடுவானம் புகைமூட்டத்தில் கரைந்து, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று புரியாது. அதோடு, காலில் மாவுக்கட்டோடு இருக்கும் அம்மாவை விட்டுவிட்டுத் தினமும் கடற்கரைக்குப் போக முடியுமா?

தரையிலேயே அளக்க ஒரு வழி உண்டு. அசையாத எண்ணெயின் மேற்பரப்பு எப்போதும் மட்டமாக இருக்கும். அதில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் செக்ஸ்டன்டில் ஒன்றாகத் தொட வைத்தால், கிடைப்பது சூரியன் நிற்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. பாதியாக்கினால் போதும். நண்பகலில் மட்டும் முடியாது. நம் ஊரில் அந்த நேரத்துச் சூரியன் உச்சந்தலையில் நிற்கும். அதை இரட்டிப்பாக்கி அளக்க என் கருவியில் அளவுக்கோடே கிடையாது. காலையும் பின்மதியமும்தான் வேளை.

இதைப் புத்தகத்தில் படித்தவுடனே உடம்பெல்லாம் பரபரத்தது. எண்ணெய்க்கு லாரி ஓட்டும் தனபாலன் அண்ணனிடம் போய் நின்றேன். தட்டுக்கு அம்மாவைக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

கூட்டலும் கழித்தலும்

அளந்த கோணம் அப்படியே உண்மை ஆகிவிடாது. முதலில் கருவிக்கே ஒரு பிழை இருக்கும். எங்கள் வீட்டுத் தராசு சும்மா இருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்திருக்குமே, அதுபோல. அதை முதலில் நீக்க வேண்டும்.

காற்று ஒளியை வளைப்பதால் சூரியன் இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே தெரியும். அதைக் கழிக்க வேண்டும். நாம் தொட வைப்பது சூரியனின் கீழ் விளிம்பை. நமக்கு வேண்டியதோ அதன் நடு. ஆகவே பாதி அகலத்தைக் கூட்ட வேண்டும். இன்னும் ஒரு திருத்தம் மூக்குத்திக் கல் அளவு சின்னது, அதையும் விடக்கூடாது.

பிறகு கண்ணின் உயரம். கப்பல் மேல்தளத்தில் நிற்கும் என் கண் கடலுக்கு மேலே நல்ல தென்னை மர உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் தொடுவானம் சற்றுக் கீழே இறங்கித் தெரியும். அது இறங்கிய அளவுக்குக் கோணம் கூடிப்போகும். கழிக்க வேண்டும்.

கோணத்தில் ஒரு நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிசகினால் கடலில் ஒரு மைல் பிசகும். அதுதான் இந்தக் கணக்கின் பயமும் ருசியும்.

கப்பலில் என்னோடு இருந்த ரமோன் என்ற பிலிப்பைன்ஸ்காரனுக்கும் எனக்கும் இதில் தினமும் போட்டி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சூரியனைப் பிடிப்போம், கணக்குப் போடுவோம், பிறகு திரையில் செயற்கைக்கோள் காட்டும் இடத்தோடு ஒப்பிடுவோம். யார் அதிக தூரம் தள்ளிப் போனாரோ அவர் காப்பி கலக்க வேண்டும். நான் கலக்கிய காப்பிகளை வைத்து ஒரு கடையே நடத்தியிருக்கலாம். ஆனால் ஜெயித்த நாட்களில் படிக்கட்டில் நான் நடந்ததில்லை, குதித்துத்தான் இறங்கியிருக்கிறேன்.

“அப்ப எங்க இருக்கோம், சொல்லு”

பாடாங்குக்கு வருகிறேன்.

அஞ்சலை அக்கா முதலில் தனபாலன் அண்ணனைப் பிடித்தார். “நீயும் இதுல கூட்டா?”

“ஐயோ, எனக்கு ஒன்னும் தெரியாதுலா! எண்ணெ கேட்டுச்சு, குடுத்தேன். அவ்ளோதான்.”

“அக்கா, இது நெலத்த அளக்குற சாமான் இல்ல. கப்பல்ல நாங்க எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கறது” என்றேன்.

“இங்க ஏதுடி கப்பலு? நாங்க எங்க இருக்கோம்னு எங்களுக்குத் தெரியும். அத யாருக்கு எழுதிக் குடுக்கப் போற?”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இந்த அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவர் இல்லை என்றாலும், நான் கப்பலுக்குப் போன அன்று கோயிலில் எனக்காக அர்ச்சனை செய்தவர். அவர் வாயிலிருந்தே இது வந்தால், அம்மா இந்த லயத்தில் எப்படி நிமிர்ந்து இருப்பார்?

எங்கள் வீடு பாடாங்கின் ஓரத்திலேயே இருக்கிறது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“அஞ்சலை! எம்மவ கம்பெனிக்காரன் காசுல சோறு தின்னுற ஆளு இல்ல. வாய அளந்து பேசு!” என்று கத்தினார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, “ஏய், அது என் கேக்குத் தட்டு தானே?” என்றார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“சரி. நெலத்த அளக்கலன்னா எங்க இருக்கோம்னு சொல்லு. இப்பவே, எல்லாருக்கும் முன்னாடி.”

எனக்குள் ஒரு விசில் அடித்தது. பரீட்சையே நேரில் வந்து நிற்கிறது! புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கருவியின் பிழையை நீக்கிவிட்டு அப்புறம் பாதியாக்க வேண்டும், பாதியாக்கிவிட்டு நீக்கினால் எல்லாம் போச்சு. அதைச் சரியாக நினைவில் வைத்திருந்ததில் எனக்கே பெருமை. கூட்டினேன், கழித்தேன். ஒரு முறை சூரியனைப் பார்த்தால் ஒரு கோடுதான் கிடைக்கும், அந்தக் கோட்டில் எங்கேயோ நாம் இருக்கிறோம் என்று அர்த்தம், காலைச் சூரியனுக்கு அந்தக் கோடு வடக்கு தெற்காக ஓடும் என்று சொல்லிக்கொண்டே வரைபடத்தில் கோடு போட்டேன்.

தனபாலன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “இந்த நீலமா இருக்கறது என்னா?”

அது கடல். என் கோடு எங்கள் தோட்டத்தைத் தாண்டி, லுக்குட்டையும் தாண்டி, கரைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

“நம்ம தோட்டம் கடல்ல இருக்காம்லா!” அண்ணன் கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். “கம்பெனிக்காரன் இனிமே படகுல வந்துதான் குச்சி அடிக்கணும்!”

பாடாங்கே அதிர்ந்தது. நானும் சிரித்திருப்பேன், அஞ்சலை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

“பாத்தீங்களா? பொய்யி. கப்பலுமில்ல, ஒன்னுமில்ல” என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். ஏமாற்றம். அதுதான் தாங்கவில்லை.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கக்கா. சூரியன் மேக்க இறங்கட்டும். இன்னொரு தடவ பாக்கறேன்.”

மேகத்தின் ஓட்டை

பங்குனி மாதத்துப் பின்மதியங்களைப் பற்றி நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சோறு செரிப்பதற்குள் மேகம் திரண்டுவிடும். அன்றும் ரெம்பாவ் பக்கம் வானம் கறுத்து, இடி உருண்டது. காற்று எழும்பி எண்ணெயில் சுருக்கம் விழுந்தது. தட்டைச் சுற்றி நான்கு பக்கமும் அட்டைப் பெட்டியைக் கிழித்து மறைப்பு வைத்தேன்.

காத்திருந்தேன். சூரியன் வந்தது, போனது. வந்தது, மேகத்துக்குள் முழுகியது. என் கழுத்து வலித்தது. கட்டெறும்பு ஒன்று காலில் ஏறிக் கடித்தது, அசையவில்லை.

ஓர் ஓட்டை! மேகத்தில் கைக்குட்டை அளவு ஓட்டை. வெளிச்சம் தட்டில் கொட்டியது. திருகைத் திருப்பினேன், இரண்டு சூரியனும் ஒன்றை நோக்கி ஒன்று நழுவி, தொட்டன. நேரம் சொல்லி எழுதினேன். முதல் சொட்டு மழை தட்டில் விழுந்து எண்ணெயைக் குழப்பியது. கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. கோடு விழுந்த இடத்தைப் பார்த்ததும் பென்சில் கையிலிருந்து நழுவியது.

“என்னாடி? எங்க இருக்கோம்?” என்றார் அம்மா.

“ரெம்பாவ் பக்கம்மா.”

“காலையில கடலு, சாயங்காலம் ரெம்பாவ். ஒரே நாள்ல நல்ல சவாரிதான்.”

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் தோட்டத்தைப் புள்ளியாக வைத்தேன். மேற்கே ஒரு கோடு. கிழக்கே ஒரு கோடு. விரலால் அளந்தேன். மேற்கே போன தூரமும் கிழக்கே போன தூரமும் ஏறத்தாழ ஒன்று!

தாறுமாறான பிழை இப்படி ஒழுங்காக விழாது. காலையில் சூரியன் கிழக்கே, நான் மேற்கே தள்ளப்பட்டேன். மாலையில் சூரியன் மேற்கே, நான் கிழக்கே தள்ளப்பட்டேன். இரண்டு முறையும் சூரியனை விட்டு விலகியிருக்கிறேன். அப்படியானால் இரண்டு முறையும் சூரியனை இருப்பதைவிடத் தாழ்வாகக் கணக்கிட்டிருக்கிறேன். எவ்வளவு? ஏறத்தாழ எட்டு நிமிடம்.

எட்டு. எங்கேயோ பார்த்த எட்டு. தினமும் பார்த்த எட்டு!

கப்பல் மேல்தளத்தின் உயரத்துக்கு, கண்ணை மூடிக்கொண்டு நான் கழிக்கும் எண் அது. இங்கே கடலே இல்லை. தொடுவானமே இல்லை. மட்டமாகக் கிடக்கும் எண்ணெயில் எது கீழே இறங்கித் தெரியும்? கழிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில், பழக்க தோஷத்தில் கை தானாகக் கழித்திருக்கிறது.

“ஆ!” என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா ஸ்டூலிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். “என்னாடி, பாம்பா?”

“இல்லம்மா, எட்டு!”

ஏன் கழிக்கிறோம் என்று அந்த நொடியில்தான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. எப்போது கழிக்கக் கூடாது என்று தெரிந்தபோதுதான்.

அந்த எட்டை எடுத்துவிட்டு இரண்டு கோடுகளையும் திரும்பப் போட்டேன். கடலிலிருந்த கோடு கரையேறி வந்தது. ரெம்பாவ் கோடு பின்வாங்கி வந்தது. ஒன்று கோயிலை ஒட்டி, இன்னொன்று செம்பனை ஆலைக்குப் போகும் சாலையை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் எங்கள் லயம்.

நனைந்த தாள்

குடை தேடப் பொறுமையில்லை. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அஞ்சலை அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் கதவைத் திறந்தபோது என் தலையிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, கடல்லேருந்து வந்துட்டோம்!”

மேசையில் தாளை விரித்தேன். காலையில் என்ன தப்பு செய்தேன், எப்படிப் பிடித்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளியையும் என் கோடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது ஆறியும் போனது.

“போன் இல்லாம, சூரியன மட்டும் பாத்தா இத போட்ட?”

“மணி பாக்கறதுக்கு மட்டும் போனுக்கா.”

அவர் விரல் கோயிலுக்கும் ஆலைச் சாலைக்கும் நடுவில் நின்றது. “இந்த எடத்துலதான் நாம இருக்கோம்.” கேள்வியாகச் சொன்னாரா, பதிலாகச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு, “இத கோர்ட்டுல காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

முடியாது என்று உண்மையைச் சொன்னேன். நிலம் யாருடையது என்று சூரியன் சொல்லாது.

“பரவால்ல” என்றார். தாளை என் பக்கம் நகர்த்தி, “காலையில நான் அப்டி பேசிருக்கக் கூடாது. பயத்துல வந்துருச்சு” என்றார். “நீங்க பேசலன்னா நான் ரெண்டாவது தடவ பாத்துருக்கவே மாட்டேன்க்கா” என்றேன். அது முகத்துக்காகச் சொன்னது இல்லை.

தேர்வில் அந்த முறை தேறினேன். செக்ஸ்டன்ட் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எதிரெதிரே வரும் கப்பல்கள் எப்படி ஒதுங்க வேண்டும் என்பதிலேயே அரை நாளைக் கழித்தார்கள். வீடுகள் விஷயம் நான் இதை எழுதும் இன்றுவரை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. குழு விடவில்லை, லயமும் நிற்கிறது.

எண்ணெய்த் தட்டைச் சுற்றி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்பே பாடாங்கில் ஆட்கள் இருந்தார்கள். தனபாலன் அண்ணன் புது எண்ணெய் கொண்டுவந்திருந்தார். அம்மாவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிவந்து நிழலில் வைத்தார்கள். கேக் தட்டுக்கு இனி விடுதலை இல்லை என்று அம்மா எல்லோரிடமும் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான்தான் மொதல்ல” என்றார் அஞ்சலை அக்கா. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டுக்கு முன்னால் மண்டியிட்டார். வெயில் கண்ணைச் சுடாமல் காக்கும் நிறக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, செக்ஸ்டன்டை அவர் கையில் கொடுத்து, திருகின் மேல் அவர் விரலை வைத்தேன்.

“ஒன்னுமே தெரியலடி… ஐயோ, ரெண்டு இருக்கு! பச்சையா ஒன்னு, செவப்பா ஒன்னு!”

“மெதுவா திருகுங்கக்கா. மெதுவா.”

“ஓடுது… ஏய், நில்லு… வருது, வருது…” அக்கா திருகை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினார். “தொட்டிருச்சு! தொட்டிருச்சுடி!”

அந்தக் கூச்சலுக்குக் கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நேரத்தை எழுதிக்கொண்டேன். நான் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அக்கா என் தோள்மேல் சாய்ந்து ஒவ்வொரு எண்ணையும் பார்த்தார். எட்டைக் கழிக்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் கோடு போட்டேன்.

“எங்க வந்துருக்கு?”

“ரந்தாவுல வந்துருக்குக்கா. பாசார் பக்கத்துல.”

தோட்டத்திலிருந்து கிழக்கே மூன்று கடல் மைல், சந்தைக்குப் பக்கத்தில். முதல் முறை கையில் எடுத்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தனபாலன் அண்ணன் முந்திக்கொண்டார். “வந்ததே வந்தீங்க, அப்டியே மீன் வாங்கிட்டு வந்துருங்கக்கா!”

பாடாங் முழுவதும் சிரித்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அஞ்சலை அக்காவும் சிரித்தார். ஆனால் செக்ஸ்டன்டைத் திருப்பித் தரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களைக் கையால் தள்ளிவிட்டு, மறுபடியும் தட்டுக்கு முன்னால் மண்டியிட்டார்.

“எல்லாரும் சும்மா இருங்க! இன்னொரு தடவ பாக்கறேன். இந்த வாட்டி வீட்டுக்கு வந்து சேந்துருவேன்.”